வெண்ணெய் டப்பாவில் இருந்த மருந்து

பிற்பகல் மூன்றரை மணிக்குச் செய்தி வந்தது. பிரேக் அக்கா அப்போது ஒரு கணக்காளருக்கு, வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் மனிதர். பின்சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசும்போதெல்லாம் குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். பாடம் நடக்கும்போது அவள் போனை எடுப்பதில்லை. ஆனால் கூப்பிட்டது அண்ணன் வேலை பார்க்கும் அச்சகத்து முதலாளி. அவர் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அண்ணன் வெட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்று முதலாளி விஷயத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் "சரி" என்றாள். பிறகு கணக்காளரிடம் திரும்பி, "பிரேக்குல கால வச்சுக்கங்க சார். அப்படியே ஹேண்ட் பிரேக்க இழுங்க. பயப்படாதீங்க," என்றாள். கையை நீட்டி எச்சரிக்கை விளக்கைப் போட்டாள். விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவள் மனதில் வந்தது அண்ணனின் முகம்கூட இல்லை. ஏழு மணிக்கு மேனேஜருக்கு யார் ஊசி போடுவார்கள் என்பதுதான்.

மேனேஜர் என்பது பூனை. அச்சகக் கிடங்கில் காகிதக் கட்டுகளின் மேல் படுத்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், வேலை செய்கிறவர்களை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அண்ணன் அதற்கு மரியாதையாகத்தான் பேசுவார். "மேனேஜர் சாப்பிட்டாரா? மேனேஜர் இன்னிக்கு லீவா?" போன வருடம் அதற்கு நீரிழிவு என்று தெரிந்தது. "எங்க மேனேஜருக்கு சர்க்கரை, பாவம்," என்று அண்ணன் பேருந்தில் சொல்வார். கேட்டவர்கள் யாரோ ஒரு தொப்பை வைத்த அதிகாரியை நினைத்து உச்சுக்கொட்டுவார்கள். அண்ணன் திருத்தமாட்டார். அன்று முழுக்க அந்தச் சிரிப்பு போதும் அவருக்கு.

அண்ணனும் தங்கையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, இப்போது அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். அவள் ஓட்டுநர் பள்ளியில் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையின் கீழே அவளுக்கென்று தனியாக, பிரேக் அக்கா என்று பெயர் வாங்கித்தந்த ஒரு பிரேக் உண்டு. கால் எப்போதும் அதன் மேல் இருக்கும், லேசில் மிதிக்காது. அவசரப்பட்டு மிதித்தால் ஓட்டுகிறவனுக்குத் தன் காலின் மேல் நம்பிக்கை போய்விடும் என்பாள். லாரி எதிரே வந்தாலும் குரலை உயர்த்தாதவள். ஆனால் ஊசி என்றால் ஈரக்குலை நடுங்கும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி வரிசையில் தன் முறை வருவதற்கு முன்பே மயங்கி விழுந்து, முன்னால் நின்றவளின் பல்லையும் உடைத்தவள். அதனால் வீட்டில் வேலைகள் அப்படியே பிரிந்துபோயின. சாப்பாடு அவள், ஊசி அண்ணன். ஊசி போடும் நேரத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். ஊசிக்குழாயின் கோடுகளை எண்ணும் அண்ணன் குரல் மட்டும் கேட்கும். "ரெண்டே கோடு மேனேஜர். முடிஞ்சுது. போய் வேலையப் பாருங்க."

இன்சுலின் மருந்துப் புட்டியின் விஷயத்தில் அண்ணன் பொல்லாதவர். வெண்ணெய் வந்த பிளாஸ்டிக் டப்பாவில் அதைப் படுக்கவைத்து, குளிர்சாதனப் பெட்டியின் நடுத் தட்டில், முன்பக்கமாக வைப்பார். கதவில் வைக்கக்கூடாது, திறந்து மூடும்போது குலுங்கும், சூடும் ஏறும். பின்சுவரை ஒட்டியும் வைக்கக்கூடாது, அங்கேதான் உறையும், உறைந்தால் மருந்து வீண். எடுத்தால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, பென்சிலை உருட்டுவதுபோல மெதுவாக உருட்டுவார், அடியில் படிந்த வெள்ளை எங்கும் கலக்கும்வரை. ஒருமுறை அவள் உதவி செய்வதாக நினைத்து, இருமல் மருந்து மாதிரி அதைக் கலகலவென்று குலுக்கிவிட்டாள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் புதுப் புட்டி வாங்கி வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

அன்று மாலை, ஆஸ்பத்திரிக் காகிதங்கள், அச்சகத்துத் தோழர்கள், மற்றவர்களின் அழுகை எல்லாவற்றுக்கும் இடையில் வீட்டுக்கு வந்தபோது, மேனேஜர் தட்டைக் காலிசெய்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தது. வாசல் அறை நிறைய ஆட்கள். அவள் பூனையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்தினாள். துக்கத்தில் பித்துப் பிடித்துவிட்டது என்று யாரோ வெளியே சொன்னது அவள் காதில் விழுந்தது. கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டாள். எடுத்தது கம்பவுண்டர் அம்மா. அண்ணன் இறந்துபோனதைச் சொல்லாமல், அண்ணன் ஊரில் இல்லை என்றாள். அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். தோலைக் கூடாரம் மாதிரி தூக்கு, ஊசியைச் சாய்த்து உள்ளே விடு, மெதுவாக அழுத்து. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை மட்டும் போட்டுவிடாதே. குறைந்தால் ஒருவேளைக்குத் தாங்கும், கூடினால் உயிருக்கே ஆபத்து.

அவள் முழங்கையைச் சமையல் மேடையில் ஊன்றிக்கொண்டாள். "ரெண்டே கோடு மேனேஜர்," என்று சொல்லிப் பார்த்தாள். பூனை அசையவில்லை. முடிந்ததும் அது நக்கிக்கொண்டு போய்விட்டது. அவள் தரையில் உட்கார்ந்து தலையை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். மயக்கம் வரவில்லை. அண்ணனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். அப்புறம்தான் அன்றைக்கு முதல்முறையாக அழுதாள்.

மறுநாள் அண்ணனைக் கொண்டுவந்து, கொண்டுபோனார்கள். அன்றைக்கு அந்த வீட்டுக்குள் எத்தனை கைகள் வந்து போயின என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பாத்திரத்தோடு வந்தார்கள். பால் பாக்கெட்டுகள், பழம், மூடிபோட்ட குழம்புகள். துக்க வீட்டில் அடுப்பு எரியவேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். அவ்வளவும் கெட்டுப்போகாமல் இருக்க ஒருவர் குளிர்சாதனப் பெட்டியின் குளிர்ச்சித் திருகைக் கடைசிவரை திருகிவைத்தார். இடம் போதாமல் இன்னொருவர் சின்ன டப்பாக்களை எல்லாம் பின்னால் தள்ளினார். யார் என்று கேட்டால் எல்லோரும் உண்மையாகவே நான் இல்லை என்பார்கள்.

எல்லோரும் போன பிறகு சித்தி மட்டும் தங்கினார். அம்மாவின் தங்கை. உருண்டையான, ஓயாத மனுஷி. வந்த அன்றே சமையலறையைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். பூனை என்றால் ஆகாது. "பிள்ளை குட்டி பெத்துக்கடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து இதை வளர்த்திருக்கீங்க. அதுக்கும் சர்க்கரை," என்பார். சொல்லிக்கொண்டே அதன் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி வைப்பார்.

அந்தக் கிண்ணம் அடிக்கடி காலியாக ஆரம்பித்தது. முதலில் சித்திதான் கவனித்தார். "என்னடி இது, ஒட்டகம் மாதிரி குடிக்குது." அது மூத்திரம் போகும் மண் தட்டு அரை நாளில் சேறாகியது. குதித்து ஏறும் நாற்காலியின் அடியில் நின்று மேலே பார்த்துவிட்டு, மேனேஜர் தரையிலேயே படுத்துக்கொண்டது. அண்ணன் ஊசி போட ஆரம்பிப்பதற்கு முன்னால் இப்படித்தான் இருந்தது.

பிரேக் அக்கா தன் கைதான் காரணம் என்று முடிவு கட்டினாள். ஒருநாள் காலையில் ஊசி போட்ட இடத்தைத் தடவியபோது ரோமம் ஈரமாக இருந்ததுபோல் தோன்றியது. ஊசி தோலைத் துளைத்து, மருந்து மறுபக்கம் வெளியே போயிருக்கும். இல்லை, மருந்து இழுக்கும்போது காற்றை இழுத்திருக்கும். அண்ணன் அந்தப் பக்கம் உட்கார்வாரே, நாம் இந்தப் பக்கம் உட்கார்வதால் இருக்குமோ. சாய்வு சரியில்லையோ. விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று சத்தியம் செய்யலாம். ஆனாலும் கிண்ணம் காலியாகியது.

வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பூனையையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று சித்திதான் துரத்தினார். கணக்காளர் துக்கம் விசாரித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு வண்டியைப் பின்னால் எடுத்தார். சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவே நிறைய இடம் இருந்தது. அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள். வண்டி குலுங்கி நின்றது. கணக்காளர் அவளைப் பார்த்தார். "நான் சரியாத்தானே மேடம் வந்தேன்?" என்றார். சரியாகத்தான் வந்தீர்கள் என்று ஒப்புக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் மிதித்தாள்.

பாடம் முடிந்ததும் கம்பவுண்டர் அம்மாவுக்குப் போன் போட்டு, இரண்டு கோட்டுக்குப் பதில் மூன்று போடலாமா என்று கேட்டாள். டாக்டர் பார்க்காமல் கூட்டவே கூடாது, பூனையை நாளைக்குக் கொண்டுவா என்றார் அவர். நாளை என்ற சொல் அவளுக்கு ரொம்ப தூரத்தில் இருந்தது. அண்ணன் விட்டுப்போனவற்றில் மூச்சு இருந்தது இது ஒன்றுக்குத்தான். ஒரு வருடம் அவர் காப்பாற்றி வைத்ததை ஒரே வாரத்தில் இவள் கொன்றுவிட்டாள் என்று ஊர் சொல்லாது, பூனைக்கெல்லாம் ஊர் எதுவும் சொல்லாது. ஆனால் அவளுக்குத் தெரியும்.

அன்று மாலை மேனேஜர் சாப்பாட்டை முகர்ந்து பார்த்து, இரண்டு வாய் தின்றுவிட்டு அங்கேயே சோர்ந்து படுத்துக்கொண்டது. அவள் புட்டியை எடுத்து உருட்டினாள். ஊசியில் மருந்தை இழுத்தாள். ஒரு கோடு, இரண்டு. கட்டைவிரல் நிற்கவில்லை. மூன்று. சித்தி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"அவ்வளவு சில்லுனு போட்டா அதுக்கு எப்படிம்மா பிடிக்கும்?" என்றார். "கொஞ்சம் வெந்நீர்ல வச்சுப் போடேன். அன்னிக்கு ஐஸ்கட்டியாப் போயிருந்தப்பகூட அப்படித்தான் நான் சரி பண்ணி வச்சேன்."

பிரேக் அக்கா ஊசியை மேடையில் வைத்தாள்.

"என்னிக்கு, சித்தி?"

"அதான், எல்லாரும் வந்தாங்களே அன்னிக்கு. பால் எடுக்கப் போனேன், பாக்கெட்டெல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு. இதுவும் பின்னாடி ஒட்டிக்கிட்டுக் கெட்டியா இருந்துச்சு. ஐயோ பிள்ளையோட பூனை மருந்தாச்சேன்னு ஒரு கிண்ணத்துல வெந்நீர் ஊத்தி, அதுல நிக்க வச்சேன். பழையபடி ஆயிடுச்சு. அந்த டப்பாவையும் தொடச்சு முன்னாடியே வச்சேன்." பெருமையோடு சொல்ல ஆரம்பித்தவர் கடைசி வாக்கியத்தை மெதுவாகச் சொன்னார். "ஏம்மா, வைக்கக் கூடாதா?"

அவளுக்குக் கோபம் வந்தது. அதற்கும் முன்னால் வேறொன்று வந்தது. கை சரியாகத்தான் போட்டிருக்கிறது. சாய்வு சரி, உட்கார்ந்த பக்கம் சரி. இத்தனை வேளையும் ஒழுங்காக, ஒரு சொட்டு சிந்தாமல், அவள் போட்டது வெறும் வெள்ளைத் தண்ணீர். புட்டியை வெளிச்சத்தில் பிடித்தாள். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சாய்த்துப் பார்த்தபோது, கண்ணாடியின் உள்பக்கம் பொடி மணல் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு, நகராமல் நின்றது. அண்ணன் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார். அவளோ ஒரு வருடமாக ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துண்டு எடுத்துட்டு வாங்க சித்தி. இப்பவே போகணும்," என்றாள்.

பூனையைத் தூக்கியபோது அதன் தலை தொங்கியது. வாயிலிருந்து அழுகின பழம் மாதிரி ஒரு இனிப்பு வாடை வந்தது. கூண்டைத் தேட நேரமில்லை. பூனையைத் தொட்டதே இல்லாத சித்தி, பின் இருக்கையில் ஏறி மடியை விரித்தார். பள்ளியின் கார்தான் வாசலில் நின்றது. கூரையில் மஞ்சள் பலகை, முன்னும் பின்னும் 'பயிற்சி வாகனம்' என்ற பெரிய எழுத்து. அவள் அதற்குமுன் யாரும் பார்த்திராத வேகத்தில் ஓட்டினாள். பலகையைப் பார்த்துப் பேருந்துகள்கூட உயிருக்குப் பயந்து ஒதுங்கி வழிவிட்டன. ஒரு ஸ்கூட்டர்காரர் தலையைத் திருப்பி, யாரம்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கத்தினார். வேறொரு நாளாக இருந்தால் அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

"மூச்சு இருக்கா சித்தி?"

"இருக்கு. நீ ரோட்டைப் பாரு."

அடுத்த திருப்பத்தில் மறுபடியும் கேட்டாள். இருக்கு என்றார் சித்தி. சிக்னல்தோறும் கேட்டாள். கடைசியாகக் கேட்டபோது பின்னாலிருந்து பதில் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். சித்தி காதைப் பூனையின் விலாவில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, இருக்கு என்று தலையை ஆட்டினார்.

மருத்துவமனையில் டாக்டர் பூனையின் காதோரம் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவி எண்ணைக் காட்டாமல் 'அதிகம்' என்று மட்டும் காட்டியது. அளக்கும் எல்லையைத் தாண்டிவிட்டதாம். கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள், மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். பிரேக் அக்கா வாயைத் திறந்தாள். சித்தியைக் காட்டிக்கொடுக்காமல், கரண்ட் போய் வந்தது, பெட்டி பழுது என்று என்னவோ சொல்லி மழுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் சித்தி முன்னால் வந்துவிட்டார்.

"நான்தாங்க. உறைஞ்சு போயிருந்துச்சு. தெரியாம வெந்நீர்ல வச்சு எடுத்துக் குடுத்துட்டேன். அவ மேல தப்பில்ல."

ஒருமுறை உறைந்தால் அவ்வளவுதான், இளகினாலும் அதற்குள் மருந்து இருக்காது, பார்க்க மட்டும் மருந்து மாதிரி இருக்கும் என்றார் டாக்டர். திட்டவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் பூனையின் முன்னங்காலில் ரோமத்தை மழித்து, சலைன் ஏற்ற ஊசி குத்தினார். பிரேக் அக்கா ஜன்னலைத் தேடவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிழைக்குமா என்று கேட்டாள். நாளை சாயந்திரம்வரை சொல்லமுடியாது என்றார் அவர். இன்னும் ஒன்று சொன்னார். இந்தக் கெட்டுப்போன மருந்தை நம்பி அளவைக் கூட்டிக்கொண்டே போயிருந்தால், புதுப் புட்டி வந்த அன்றைக்கு அதே அளவு பூனையை முடித்திருக்கும். மேடையில் மூன்று கோட்டோடு வைத்துவிட்டு வந்த ஊசி அவள் ஞாபகத்துக்கு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பூனையை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பும்போது சித்தி பின் இருக்கையிலேயே ஏறிக்கொண்டார். புடவையில் பூனை மூத்திரம். "நல்லது பண்றேன்னு நெனச்சேன்டி," என்றார் ஒரு தடவை. தெரியும் என்றாள் அவள். வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தி நேரே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, யார் யாரோ கொண்டுவந்து வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தார். திருகைக் குறைத்தார். கெட்டதைக் கொட்டினார். நடுத் தட்டு முழுவதும் காலியாகும்வரை நிறுத்தவில்லை.

அடுத்த நாள் மாலையில் கம்பவுண்டர் அம்மா கூப்பிட்டார். மேனேஜர் கண்ணைத் திறந்து, ஊசி மாற்ற வந்த டாக்டரைப் பார்த்துச் சீறியது என்றார். அங்கே அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வார்களாம். அதற்கும் அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பில் பாதி இல்லை. முன்னங்காலில் ஒரு பக்கம் மட்டும் மொட்டை. வந்ததும் நாற்காலியின் அடியில் நின்று மேலே பார்த்தது. சித்தி அதைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, "மேனேஜர் சார் உக்காரட்டும்," என்றார். அண்ணன் போட்ட பெயரை அவர் சொன்னது அதுதான் முதல்முறை.

புதுப் புட்டி வந்தது. பயம் போகவில்லை. பக்கம் மட்டும் மாறிக்கொண்டது. இப்போது மருந்தில் முழு வேகமும் இருக்கிறது. சாப்பிடாமல் ஊசி போட்டுவிட்டால்? நாம் வகுப்பில் இருக்கும்போது சர்க்கரை இறங்கிச் சுருண்டு விழுந்தால்? ஈறில் தடவத் தேன் பாட்டிலைச் சமையலறையில் ஒன்று, வாசல் அறையில் ஒன்று என்று வைத்தாள். சித்தி ஊருக்குப் போகும்முன் தேன் தடவப் பழகிக்கொண்டார், தன் விரலிலும் பூனையின் வாயிலுமாக. காலையில் எழுந்ததும் பிரேக் அக்கா பால் பாக்கெட்டை அழுத்திப் பார்க்கிறாள். உறையாமல் குழைந்தால்தான் அடுத்த வேலை. பிறகு புட்டியை வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணாடியில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டுகிறாள். இரண்டு கோடு. அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறாள்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் தொங்கவிட ஒரு சின்ன வெப்பமானி வாங்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எண் இரண்டுக்குக் கீழே போகக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது. அதை வாங்கி வந்தாகிவிட்டது. பெட்டியின் மேலே, உறையோடு இருக்கிறது. பேட்டரிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் நாக்கை இழுத்தால்தான் அது வேலை செய்யும். அவள் இன்னும் இழுக்கவில்லை; பால் பாக்கெட்டை அழுத்திப் பார்க்கும் தன் விரலைத்தான் இப்போதைக்கு நம்புகிறாள்.